யார் கையில் இருந்தது

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில், மாதா கோயிலைத் தாண்டியதும் வரும் தெருவில்தான் அமிர்தசாமியின் வீடு. அரசுப் பேருந்து ஓட்டுநர். விழுப்புரம் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்த இந்த வயது வரைக்கும் அவர் மேல் ஒரு விபத்து வழக்கு கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எங்காவது ஒரு வண்டி மோதிவிட்டது, கவிழ்ந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், எத்தனை பேருக்கு அடி என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான். ஸ்டீயரிங்கில் யார்?

மனைவி செபஸ்தியம்மாள் கிராம சுகாதாரச் செவிலியர். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஸ்டீபன்ராஜ், இளையவள் டயானா. டயானா விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துவந்தாள். ஸ்டீபன் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே விமானம் ஓட்டப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். முகையூர்ப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தை விற்றுவிட்டு அவனை ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஊரில் சிலர் சிரித்தார்கள். அமிர்தசாமி, "நான் ரோட்டுல ஓட்றேன், அவன் மேல ஓட்டப்போறான், தொழில் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விமானத்திலிருந்து தரை நிலையத்தோடு ரேடியோவில் பேசுவதற்கென்றே தனியாக ஒரு தேர்வு உண்டு. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய வரிசையில், குறைந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். தரையிலிருந்து சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டவும் வேண்டும். ஸ்டீபன் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் மொட்டை மாடியில் டயானாவை உட்காரவைத்துப் பழகினான். அவள்தான் தரை நிலையம். அவள் படிக்க, அவன் பதில் சொல்லுவான். அப்போது அவன் குரலே மாறிப்போகும். வீட்டில் தடதடவென்று பேசுகிறவன், அந்த நேரத்தில் குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைப்பதுபோலப் பேசுவான். ரேடியோவில் பதறிப் பேசினால் பாதி வார்த்தை போய்ச் சேராது என்பான். அம்மாவும் அப்பாவும் கீழே அவரவர் வேலையில் இருப்பார்கள். மாடியில் என்ன நடக்கிறது என்று அவர்கள் ஏறிவந்து பார்த்ததில்லை.

டயானாவுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். பின்னால் உட்கார்ந்து அவள் தோளுக்கு மேலாக ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான். கையை எடுப்பதற்கு முன்னால், "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்பான். அவள் "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று சொன்னால்தான் கையை எடுப்பான். விமானத்தில் அப்படித்தானாம். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது விமானம் யார் கையில் இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரக்கூடாது. கொடுக்கிறவர் சொல்ல வேண்டும், வாங்குகிறவரும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டி ஆடினால் அவன் பிடித்துக்கொண்டு, அந்த இறங்கிய குரலில், "ஐ ஹாவ்" என்று ஒரு சின்ன நிறுத்தம் விட்டு, "கன்ட்ரோல்" என்பான். கத்தியதே இல்லை. சாலையோரக் கிணற்றுப் பக்கம் வண்டி சரிந்தபோதுகூட அப்படித்தான் சொன்னான்.

ஓர் அமாவாசை நாளில் ஸ்டீபன் போன பயிற்சி விமானம் மேல்மலையனூருக்குக் கொஞ்ச தூரத்தில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஸ்டீபன்ராஜும் அவனுடைய பயிற்றுநர் கேப்டன் சக்கரபாணியும். சக்கரபாணி விழுப்புரத்துக்காரர். இரண்டு பேரும் அங்கேயே இறந்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே செல்போன்களில் விழுந்த விமானத்தின் படங்கள் சுற்ற ஆரம்பித்தன. பயிற்சி மாணவன் ஓட்டியதால்தான் விமானம் விழுந்தது, பாவம், அனுபவமுள்ள கேப்டனையும் கொண்டுபோய்விட்டான் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அமிர்தசாமியின் அண்ணன் இருதயராஜ் அதைப் படித்துவிட்டு, இதை அப்படியே விடக்கூடாது என்றார். துக்கம் கேட்க வந்த டிரைவர்கள் அமிர்தசாமியின் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள். அவர்களும் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் விசாரணை அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. தரை நிலையத்தில் பதிவான ஒலியில் ஒரு குரலை அடையாளம் காண வேண்டும், விழுப்புரம் அரசு விருந்தினர் மாளிகைக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்கள். இருதயராஜ் விவரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். விமானம் தன் கையில் இருப்பதாக ஒரு குரல் சொல்கிறது, அது மாணவனா கேப்டனா என்று தெரியவேண்டும், இவ்வளவுதான். போகவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மாலை அவர் வீட்டுக்கு வந்து எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "அந்தக் கொரல் நம்ம புள்ளது இல்லன்னு சொல்லிடுங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க. செத்தவன் மேல பழி வேணாம்." செபஸ்தியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். டயானா, முதலில் கேட்போம் பெரியப்பா என்று மட்டும் சொன்னாள்.

விருந்தினர் மாளிகையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த ஒரு நீளமான அறை. விசாரணை அதிகாரி விருத்தாசலம் சென்னையிலிருந்து வந்திருந்தார். மடிக்கணினியோடு உதவியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். சக்கரபாணியின் மனைவி வேணியும் தம்பி ராஜ்குமாரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குடும்பங்களையும் தனித்தனியாகக் கேட்கவைப்பதுதான் முறை என்று விருத்தாசலம் சொன்னார். ஒன்றாகவே கேட்கிறோம், இதில் எங்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்றார் வேணி. அமிர்தசாமியும் சரி என்று தலையாட்டினார். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்கும்போது யாரும் பேசக்கூடாது, அடுத்தவர் முகத்தைப் பார்க்கவும் கூடாது என்றார்.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். ஒரு பெரிய பறவை விமானத்தின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. அது விமானத்தின் பாகங்களிலிருந்தே உறுதியாகத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ரேடியோ பட்டனை அழுத்தியிருக்கிறார். தரை நிலையத்தைக் கூப்பிட நினைத்திருக்கலாம். ஆனால் பதிவானது உள்ளே இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது. உடைந்த கண்ணாடி வழியாக வந்த காற்றின் இரைச்சலில் குரல்கள் தெளிவாக இல்லை. பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்களைக் கேட்டதில் பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் வேறு மாதிரியும் சொல்லிவிட்டார்கள்.

உதவியாளர் பதிவை ஓடவிட்டார். முதலில் இரைச்சல்தான். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்பதுபோல இருந்தது. அதற்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல், "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்றது. உடனே இன்னொரு குரல். "ஐ ஹாவ்... கன்ட்ரோல்." அவ்வளவுதான். இரைச்சல் சட்டென்று அறுந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல், மிகத் தெளிவாக, ஆங்கிலத்தில் அந்த விமானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். உதவியாளர் நிறுத்தப்போனார். செபஸ்தியம்மாள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"யாருங்க சார் அந்தப் பொண்ணு? அத்தினி தடவ கூப்டுது."

தரை நிலையத்தில் அன்று வேலையில் இருந்தவர் என்று விருத்தாசலம் சொன்னார். அவரும் அதற்குப் பிறகு விடுப்பில் போய்விட்டார் என்றார்.

"நம்ம புள்ளைக்கி அது கேட்டிருக்குமா?"

விமானம் மிகவும் தாழ்ந்துவிட்டால் தரை நிலையத்தோடு ரேடியோ எட்டாது என்று அவர் விளக்கினார். கூப்பிட்டது இவர்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம், இவர்கள் பதில் சொன்னது அங்கே கேட்காமல் போயிருக்கலாம்.

பதிவை இன்னும் சில தடவை போட்டுக் காட்டினார்கள். பிறகு, அந்த இரண்டாவது குரல் யாருடையது என்று அமிர்தசாமியிடம் கேட்டார் அதிகாரி. அமிர்தசாமி எழுந்து நின்றார். அது தன் மகன் குரல் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குரலை அவர் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. வீட்டில் அவனை எப்போதும் சத்தமாக, அவசரமாகப் பேசித்தான் பார்த்திருக்கிறார். செபஸ்தியம்மாள் தனக்குத் தெரியவில்லை என்று அழுதாள். வேணியிடம் கேட்டபோது, வலியோடு பேசின முதல் குரல் தன் கணவருடையது என்று தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். ராஜ்குமார் அவர் பக்கம் குனிந்து ஏதோ சொல்லவந்தார். வேணி அவரைப் பேசவிடவில்லை.

கடைசியில் அதிகாரி டயானாவைப் பார்த்தார்.

முதல் தடவை கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை அது வேறு யாருடைய குரலாகவாவது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கேட்டாள். அந்தச் சின்ன நிறுத்தம் அங்கேயே இருந்தது. அப்பா தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த அறையிலேயே எல்லாம் முடிந்துவிடும், யாரும் அவளை மறுக்கப்போவதில்லை. ஆனால் அத்தனை இரைச்சலுக்கு நடுவில், கண்ணாடி உடைந்து காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தபோது, அண்ணன் பதறாமல் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். அதைச் சொன்னது அவன் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அது எங்க அண்ணன் சார்" என்றாள். "ரேடியோவுல அவரு அப்டிதான் பேசுவாரு. எனக்கு நல்லா தெரியும்."

அமிர்தசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். போகும் வழியில் உட்கார்ந்திருந்த வேணியை அவர் பார்க்கவே இல்லை. வாசல் படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

விருத்தாசலம் டயானா சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு, இன்னொரு பதிவு இருக்கிறது, அதை நீங்கள் கேட்கலாம் என்றார். அதே நேரத்தில் மிக உயரத்தில் ஒரு பயணிகள் விமானம் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. உயரத்தில் இருப்பவர்களுக்குத் தாழ்வில் பறப்பவர் பேசுவது கேட்கும். அந்த விமானி, தனக்கு லேசாகக் கேட்டதைத் தரை நிலையத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். உதவியாளர் அதைப் போட்டார். நிதானமான, வயதான ஓர் ஆணின் குரல். அதிகாரி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். கீழே இருக்கும் பயிற்சி விமானம் சொல்வதைச் சொல்கிறேன். பறவை மோதியிருக்கிறது. முன்னால் இருக்கும் சாலையில் ஜனக்கூட்டம். சாலையில் இறங்கவில்லை. இடது பக்கம் திரும்பி ஏரிக்குள் இறங்குகிறார். உள்ளே இரண்டு பேர்.

பேசியது இருவரில் யார் என்று மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை, யார் பேசினாலும் விமானத்தைத் திருப்பியது யார் என்பதும் தெரியாமல் இருந்தது என்றார் விருத்தாசலம். மேல்மலையனூர்க் கோயிலுக்கு வந்த அமாவாசைக் கூட்டம். சாலை நெடுக வேனும் ஆட்டோவும் நடந்து போகிறவர்களும். சாலை நேராக இருந்தது, இறங்குவதற்கு அதுதான் சுலபம். ஏரிக்குள் கருவேல மரங்கள் இருந்தன, அதில் இறக்கை சிக்கிவிட்டது. "இப்ப நீங்க சொன்னத வச்சுப் பாத்தா, திருப்புனது உங்க அண்ணன்தாம்மா."

செபஸ்தியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே இருந்த விமானி அவனுக்குப் பதில் சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார், நீங்கள் சொன்னது கேட்டது, தரை நிலையத்துக்குச் சொல்லிவிட்டோம் என்று இரண்டு முறை சொன்னார், அது அவர்களுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றார் அதிகாரி.

தாழ்வாரத்துக்கு வந்தபோது வேணி பின்னாலேயே வந்தார். டயானாவின் முன்னால் நின்றார். "ஒடஞ்ச கண்ணாடி அவரு கண்ணுலதாம்மா பட்டிருக்கு. டாக்டருங்க சொன்னாங்க. எப்டி அந்த நேரத்துல அவரால குடுக்க முடிஞ்சுதுன்னு எனக்கு இத்தினி நாளா புரியல. இப்ப புரியுது. பக்கத்துல வாங்கிக்க ஆள் இருந்திருக்கு." அவ்வளவு சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திண்டிவனம் திரும்பும் பேருந்தில் அமிர்தசாமி முன்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் செபஸ்தியம்மாள் இரண்டாவது பதிவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும். அவ அண்ணன அவளே காட்டிக் குடுத்துட்டா. இனிமே அதப் பத்தி இந்த வீட்ல பேச்சே வேணாம்." டயானா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கில் இருந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நம்பினவர் அவர். அவருக்கு அந்த அறையில் கேட்டதெல்லாம், உன் மகன்தான் ஸ்டீயரிங்கில் இருந்தான் என்பது மட்டும்தான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் வலித்தது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். தட்டில் சோறு போட்டால் அவர் சாப்பிட்டார். பேச்சு மட்டும் இல்லை.

அமாவாசைச் சிறப்புப் பேருந்து டியூட்டி வரும்போதெல்லாம் அமிர்தசாமி வேறு யாரிடமாவது மாற்றிக்கொண்டுவிடுவார். பணிமனையில் எல்லோருக்கும் காரணம் தெரியும் என்பதால் யாரும் மறுத்ததில்லை. ஒரு மாத அமாவாசைக்கு வேறு ஆள் இல்லை. மாற்ற முடியவில்லை. மேல்மலையனூருக்கு அவரே வண்டியை எடுத்துப் போனார்.

செஞ்சியைத் தாண்டி வண்டி நிறைந்துவிட்டது. அவருடைய இருக்கைக்குப் பின்னால், தலையிலிருந்த பூக்கூடையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவளிடம் ஜன்னல் வழியாக ஏரிப் பக்கம் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அமிர்தசாமிக்குக் கேட்டது.

"இங்கதான் அந்த ஏரோப்ளேன் வுழுந்தது. நான் இதே ரோட்ல பூ வித்துக்கினு இருந்தேன். நேரா எங்க மேலதான் வந்துச்சு. கொழந்தைங்க, கிழவிங்கன்னு ரோடு பூரா ஜனம், ஓட எடமில்ல. முடிஞ்சுதுடான்னு கண்ண மூடிக்கினேன். தொறந்து பாத்தா, அந்தாண்ட திரும்பிப் போவுது. ஓட்டுனவன் எந்தப் பெத்தவ புள்ளையோ. எங்க எல்லாரையும் வுட்டுட்டு அவன் போயி வுழுந்தான்."

அமிர்தசாமி வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கோயில் மைதானம் வரைக்கும் ஓட்டிப்போய் எல்லோரையும் இறக்கிவிட்டார். பூக்காரப் பெண்மணி இறங்கும்போது, அவருடைய முகத்தைப் பார்த்து, என்ன டிரைவரே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் காலை டயானா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அமிர்தசாமி வாசல் கதவை ஒட்டி நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னைக்கு நான் எழுந்து போனப்புறம் இன்னா போட்டுக் காட்டுனாங்க?"

டயானா பையைக் கீழே வைத்தாள். மேலே பறந்த விமானம், அந்த வயதான விமானியின் குரல், அவர் எடுத்துச் சொன்ன ஒவ்வொரு வாக்கியம், எல்லாவற்றையும் அதிகாரி தமிழில் சொன்ன அதே வரிசையில் சொன்னாள். சாலையில் ஜனம். சாலையில் இறங்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மொதல்ல போட்டது அவன் கொரலுன்னு எனக்குத் தெரியல. அதுல நடுங்குச்சா?"

"இல்லப்பா. கொஞ்சங்கூட நடுங்கல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தின்போதுகூட அழாதவர், அப்போதுதான் அழுதார். செபஸ்தியம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டயானா அன்று வேலைக்குப் போகவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவர் கேட்டது வேணியின் வீடு எங்கே இருக்கிறது என்று. அன்று அந்த அறையில் அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தைகூட ஆறுதல் சொல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன் என்றார். மூன்று பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போனார்கள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கூடத்துச் சுவரில் சக்கரபாணியின் படம் மாலையோடு இருந்தது.

அமிர்தசாமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே கால் எடுத்து வைக்கத் தயங்கினார்.

வேணி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "உள்ள வாங்கண்ணா" என்றார். "ஒங்களத்தான் இத்தினி நாளா எதிர்பாத்துக்கினு இருந்தேன்."